கணினியில் வரைதல்

அவிநாசியிலிருந்து திருப்பூர் செல்லும் சாலையில் திருமுருகன்பூண்டி என்னும் ஊர் உள்ளது. கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் ஏழனுள் இதுவும் ஒன்று. சேரமான் பெருமாளிடம் பெற்ற பொருளுடன் சுந்தரர் இவ்வழியே வந்தபோது வேடுவர் அதனைக் கவர்ந்தனர் என்றும், இறைவன் அருளால் அது மீண்டது என்றும் இவ்வூர்க் கோயில் வரலாறு கூறும். இன்று இச்சாலையில் செல்வோரின் செவியில் இருவகை ஒலிகள் விழும். ஒன்று, சிற்பக்கூடங்களில் கருங்கல்லின்மேல் உளி பாயும் ஒலி. மற்றொன்று, பனியன் தொழிற்சாலைகளில் தையற்பொறிகள் ஓடும் ஒலி.

கல்லோ வலியது; துணியோ மெல்லியது. ஆயினும் இவ்விரு தொழில்களும் தொடங்கும் இடம் ஒன்றே. சிற்பி கல்லின் முகத்தைச் சமப்படுத்தி, நடுவே நூல் பிடித்து, செங்காவியால் உருவத்தை வரைந்து கொள்கிறார். அதன் பின்னரே உளியை எடுக்கிறார். ஆடைத் தொழிலில் கட்டிங் மாஸ்டர் எனப்படுபவர், முன்பாகம், பின்பாகம், கை ஆகியவற்றின் வடிவங்களை அட்டையில் வரைந்து நறுக்கிக் கொள்கிறார். அதன் பின்னரே துணியில் கத்தி படுகிறது. கோடு பிழைபடின் கல்லும் பாழாம், துணியும் பாழாம். ஆடைத் தொழிலில் இக்கோடு அண்மைக் காலத்தில் அட்டையினின்றும் கணினித் திரைக்கு ஏறிவிட்டது. வீடு கட்டுவோர், பொறி செய்வோர், பாலம் அமைப்போர் ஆகியோரின் வரைபடங்களும் அவ்வாறே ஏறின. இவ்வரைதலின் அடிப்படை யாது என்பதனை அறிந்துகொள்வது, எத்தொழிலை மேற்கொள்ளும் மாணவர்க்கும் பயன் தரும்.

அளந்து வரைந்து, பின்னர்ச் செய்தல் தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டியன் அரண்மனை அமைக்கப்பெற்ற முறையை விரித்துரைக்கிறார். ஞாயிறு உச்சியில் நிற்க, நட்ட கோல்களின் நிழல் எப்பக்கமும் சாயாத வேளையைத் தேர்ந்து, கட்டடநூல் வல்லார் கயிறு பிடித்து நிலத்தை வகுத்தனர் என்பது அவர் தரும் செய்தி. கயிறும் கோலும் நிழலுமே அன்றைய வரைகருவிகள். 'வரை' என்னும் சொல்லையும் ஈண்டு நினைத்துப் பார்த்தல் தகும். அதற்குக் கோடு என்பதும் பொருள். எல்லை என்பதும் பொருள். வரைதல் என்றால் எழுதுதல். வரையறுத்தல் என்றால் இவ்வளவே என எல்லை கட்டுதல். படம் எழுதுவோன் வரைவதற்கும் தச்சனும் தையற்காரரும் வரைவதற்கும் உள்ள வேறுபாடு இச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. முன்னவன் கோடு கண்ணுக்கு இனிதாயின் போதும். பின்னவர் கோடு அளவுக்கு உட்பட வேண்டும்.

கணினித் திரையில் வரையலாம் என்பதனை முதன்முதல் தெளிவாகக் காட்டியவருள் தலைசிறந்தவர் அமெரிக்க நாட்டு ஐவன் சதர்லாந்து. அவர் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபொழுது, 1963-இல் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலைத் தம் முனைவர் பட்டத்திற்காகப் படைத்தார். ஓர் அறையையே அடைத்துக்கொண்ட கணினி, அதனுடன் சிறு திரை, கையில் ஒளிப்பேனா. பேனாவால் திரையைத் தொட்டுக் கோடு இழுத்தால் அக்கோடு திரையில் நின்றது. அவ்வளவே ஆயின் வியப்பில்லை. 'இவ்விரு கோடுகளும் இணையாக இருக்க வேண்டும்', 'இந்நான்கு பக்கங்களும் ஒத்த நீளம் பெற வேண்டும்' என்று வரைபவர் கட்டளையிட்டால், கோணலாக இழுத்த கோடுகளும் அக்கட்டளைப்படி தாமே நிமிர்ந்து நின்றன. 1982-இல் ஆட்டோகேட் என்னும் மென்பொருள் வெளிவந்து, மேசைக் கணினியிலும் இவ்வாறு வரைதல் எளிதாயிற்று. ஆடைத் தொழிலுக்கென்றே கெர்பர், லெக்ட்ரா முதலிய நிறுவனங்கள் தனி மென்பொருள்களை ஆக்கின. பெயர்கள் பலவாயினும் அடிப்படை ஒன்றே.

அவ்வடிப்படை புள்ளியாகும். மார்கழி விடியலில் வாயிலில் கோலமிடும் பெண்கள் முதலில் கோடு இழுப்பதில்லை. புள்ளிகளை எண்ணி வைக்கின்றனர். எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை புள்ளி என்னும் கணக்கு சரியாயின் கோலம் தானே அமையும். கணினியில் வரைவதும் இத்தகையதே. கிடையாக ஒரு கோடும் நெடுக்காக ஒரு கோடும் ஒன்றையொன்று வெட்டுவதாகக் கொள்க. வெட்டும் இடம் தொடக்கப்புள்ளி. அங்கிருந்து வலப்புறம் எவ்வளவு, மேற்புறம் எவ்வளவு என்று இரண்டு எண்களைக் கூறிவிட்டால், தளத்தில் எந்தப் புள்ளியையும் ஐயமின்றிச் சுட்டலாம். பிரெஞ்சு அறிஞர் தெகார்த் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலில் இம்முறைக்கு வித்திட்டார். பள்ளியில் கட்டத்தாளில் புள்ளி குறிக்கும் மாணவன் பயில்வதும் இதுவே. இக்கணக்கு எதற்குப் பயன்படும் என்று சலித்துக்கொள்ளும் மாணவர் உண்டு. அவர் திருப்பூரில் ஒரு பனியன் உருவாகும் வகையைக் காண்பாராக.

வட்டக் கழுத்துடைய அரைக்கை டி-சர்ட் ஒன்றன் முன்பாகத்தை வரைய வேண்டும் என்க. விளக்கத்தின் பொருட்டுச் சில அளவுகளைக் கொள்ளலாம். ஆடையை மேசைமேல் பரப்பினால் மார்பகலம் 20 அங்குலம்; உயரம் 28; தோளகலம் 17; கழுத்தகலம் 7; முன்கழுத்தின் இறக்கம் 3.5. மனித உடல் நடுக்கோட்டின் இருபுறமும் ஒத்திருப்பதால் பாதியை மட்டும் வரைந்தாற் போதும். மற்றப் பாதியைக் கணினி கண்ணாடியில் தோன்றும் உருவம்போல் மறுபுறம் படைத்துவிடும். இருபுறத்தையும் தனித்தனியே வரைபவர் வேலையை இரட்டிப்பதோடு, இருபுறமும் ஒவ்வாத ஆடையையும் பெறுவர்.

ஆடையின் கீழ்விளிம்பில் நடுப்புள்ளியைத் தொடக்கமாகக் கொள்க. அது (0, 0). வலப்புறம் 10 அங்குலம் சென்றால் பக்கத் தையலின் அடி. அது (10, 0). அங்கிருந்து நேரே மேலேறினால் கைக்குழியின் அடி. அது (10, 19). தோளின் முனை (8.5, 26.5). கழுத்தும் தோளும் கூடும் இடம் (3.5, 28). முன்கழுத்தின் நடு (0, 24.5). இவ்வாறு ஆறு புள்ளிகளில் பாதி உடம்பு அடங்கிவிட்டது.

தோள்முனையிலிருந்து கழுத்துக்குச் செல்லும் கோட்டைப் பாருங்கள். இடப்புறம் 5 அங்குலமும் மேற்புறம் 1.5 அங்குலமும் செல்கிறது. செங்கோண முக்கோணத்தின் விதிப்படி அதன் நீளம் 5.22 அங்குலம், ஐந்தேகாலுக்குச் சற்றே குறைவு. பின்பாகத்தின் தோளும் இதே நீளம் பெற வேண்டும். இரண்டும் சேர்த்துத் தைக்கப்படுவன அல்லவா? கழுத்தின் வளைவோ இன்னும் எளிது. (0, 28) என்னும் புள்ளியை மையமாகக் கொண்டு 3.5 அங்குல ஆரத்தில் இழுத்த கால்வட்டம் அது. அதன் நீளம் 5.5 அங்குலம், இருபுறமும் சேர்த்து 11. இதனுடன் பின்கழுத்தின் நீளத்தையும் கூட்டினால், கழுத்தில் வைத்துத் தைக்கும் ரிப் பட்டிக்கு எவ்வளவு துணி வேண்டும் எனக் கணிக்கலாம். ரிப் இழுபடும் தன்மையதாதலின், கழுத்தின் சுற்றைக் காட்டிலும் சற்றுக் குறைவாகவே பட்டியை வெட்டுவர். குறைக்காமல் வெட்டிய பட்டி, கழுத்தில் படியாது அலையலையாக நிற்கும்.

கைக்குழி வட்டத்தின் பகுதியன்று. உள்நோக்கிக் குழைந்து செல்லும் வளைவு. இத்தகைய வளைவுகளைப் பழங்காலக் கப்பல் தச்சர் மெல்லிய மரச்சட்டத்தை ஆணிகளுக்கிடையே வளைத்துப் பெற்றனர். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சு நாட்டு மகிழுந்துத் தொழிலகங்களில் பணியாற்றிய தெ காசுதெல்சோ, பெசியே ஆகிய இருவரும் தனித்தனியே இதனைக் கணக்காக மாற்றினர். சில புள்ளிகளைக் குறித்துவிட்டால், கணினி அவற்றின் வழிகாட்டுதலில் குழைவான கோடு ஒன்றை இழுத்துத் தரும். வளைவு அழகாக வந்துவிட்டது என்று மகிழ்ந்து நின்றுவிடல் ஆகாது. கைக்குழியின் சுற்றளவும், அதில் பொருந்தும் கையின் மேல்விளிம்பின் நீளமும் ஒத்துள்ளனவா என்று அளந்து பார்த்தல் வேண்டும். அட்டையில் வரைந்த நாளில் அளவு நாடாவை வளைவின்மேல் நிறுத்திப் பிடித்து இதனை அளந்தனர். கணினியிலோ ஒரு கட்டளையில் விடை கிடைக்கும்.

தொடக்கநிலை மாணவர் தடுமாறும் இடங்கள் சில உண்டு. முதலாவது, அலகு. கணினிக்கு 10 என்பது வெறும் பத்தே. அங்குலமா, சென்டிமீட்டரா, மில்லிமீட்டரா என்று முன்னரே அறிவிக்க வேண்டும். மில்லிமீட்டரில் வரைந்ததனை அங்குலமாகக் கொண்டு திறப்பின், பனியன் 25.4 மடங்கு வளர்ந்து நிற்கும். இரண்டாவது, அளவுத்திட்டம். தாளில் வரைந்த நாளில் வீட்டின் படத்தை நூறில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்தனர். கணினியில் எப்பொருளையும் அதன் உண்மை அளவிலேயே வரைதல் வேண்டும். சுருக்குவது அச்சிடும் வேளையில் மட்டுமே. மூன்றாவது, கண்ணை நம்புதல். இரு கோடுகள் கூடிவிட்டனபோல் திரையில் தோன்றும். பெரிதாக்கிப் பார்த்தால் இடையே மயிரிழை இடைவெளி இருக்கும். அதனால் கோடுகளின் முனையைத் தானே பற்றிக்கொள்ளும் 'ஸ்னாப்' என்னும் வசதியைப் பயன்படுத்தாமல் எக்கோட்டையும் இணைத்தல் கூடாது. தையற்கோடு ஒன்றும், அதற்கு வெளியே தையலுக்கு விடும் துணியைச் சேர்த்த வெட்டுக்கோடு ஒன்றும் தனித்தனி 'லேயர்'களில் இருத்தல் நலம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் எனச் சொன்னால் லேயரின் இயல்பு விளங்கும்.

இவையெல்லாம் சில கிழமைப் பயிற்சியில் கைவருவன. ஆடையைப் பல அளவுகளில் ஆக்கும்பொழுது எழும் வினாவோ அத்துணை எளிதன்று. அதனை விளங்கிக்கொள்ள மீண்டும் சிற்பக்கூடத்திற்குச் செல்லுதல் வேண்டும்.

சிற்ப நூல்களில் தாளமானம் என்றோர் அளவுமுறை உண்டு. அதன்படி உத்தம தசதாளம் எனப்படும் உருவத்தின் உயரம் 124 கூறுகளாகப் பகுக்கப்படும். ஒரு கூறு ஓர் அங்குலம் எனப்படும். இவ்வங்குலம் தையற்காரர் நாடாவில் உள்ள அங்குலம் அன்று. நாடாவின் அங்குலம் என்றும் மாறாது. சிற்பியின் அங்குலமோ சிலைக்குச் சிலை மாறும். நாடா அளவில் 62 அங்குல உயரமுள்ள சிலைக்குச் சிற்பியின் அங்குலம், நாடாவின் அரை அங்குலமாகும். முகம், கழுத்து, மார்பு, முழந்தாள் என ஒவ்வோர் உறுப்புக்கும் இத்தனை கூறு என நூல் வகுத்துள்ளது. ஆதலின் உள்ளங்கையில் அடங்கும் சிலைக்கும் கோபுர வாயிலில் நிற்கும் சிலைக்கும் கணக்கு ஒன்றே. கூறு பெரிதாக, உருவமும் ஒத்துப் பெரிதாகும். கணினியில் இதற்கு நேரான கட்டளை 'ஸ்கேல்' என்பது. உருவத்தைத் தேர்ந்து 'இரண்டு மடங்கு' என்றால், எல்லா உறுப்புகளும் ஒருசேர இரண்டு மடங்காகும்.

பனியனையும் இவ்வாறே பெரிதாக்கலாகாதா? புதிதாகக் கற்பவர் பெரும்பாலும் அவ்வாறே செய்ய முற்படுவர். எம் அளவு வரைந்தாயிற்று, மார்பகலம் 20. எக்ஸ்எல் அளவுக்கு மார்பகலம் 22 வேண்டும். நூற்றுக்குப் பத்துப் பங்கு பெரிதாக்கினால் வந்துவிடுகிறது. மார்பு வந்துவிடும் என்பது மெய்யே. உயரமும் 28-லிருந்து 30.8 ஆகிவிடும். மார்பு பருத்த மனிதன் அதே அளவுக்கு நெடியவனும் ஆவானோ? ஒரு தெருவில் உள்ளோரை நோக்கினாலே விடை கிடைக்கும். இனிக் குழந்தையின் ஆடையைக் கருதுக. 20 அங்குல மார்பகலத்தை 11 ஆகுமாறு சுருக்கினால், 7 அங்குலக் கழுத்தகலம் 4 அங்குலத்திற்கும் குறைந்துவிடும். குழந்தையின் தலையோ அதன் உடலை நோக்கப் பெரியது. அவ்வாடை தலையில் நுழையவே நுழையாது.

கல்லில் நிற்கும் உருவம் விகிதத்தால் வளர்வது. மனித உடல் அவ்வாறு வளர்வதன்று. ஆதலின் ஆடைத் தொழிலார் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி விதி வைத்துள்ளனர். அதனைக் கிரேடிங் என்பர். ஓர் அளவிலிருந்து அடுத்த அளவுக்குச் செல்லும்போது மார்பகலம் 1 அங்குலம் கூடும் என்க. பாதி உடம்பை வரைவதால் பக்கத் தையலின் புள்ளி அரை அங்குலம் வலப்புறம் நகரும். கழுத்துப் புள்ளி அதில் சிறுபங்கே நகரும். உயரம் வேறொரு கணக்கில் கூடும். இவ்விதிகளைப் புள்ளிதோறும் எழுதிவிட்டால், எஸ் முதல் எக்ஸ்எல் வரை எல்லா அளவுகளையும் கணினி நொடியில் வரைந்து தரும். 'ஸ்கேல்' கட்டளையையும் அது நொடியில் நிறைவேற்றும். இரண்டனுள் எது தகும் என்பதனை அது கூறாது. பல்லாண்டு அட்டை நறுக்கிய கட்டிங் மாஸ்டர் ஒருவர், கணினியின் விசைகளை அறியாதவராயினும், திரையை ஒருமுறை நோக்கி 'கழுத்து தவறு' என்று சொல்லிவிடுவார்.

பின்னல் துணிக்கு இன்னும் ஓர் இயல்பு உண்டு. நெய்த துணியைவிட அது நனைந்தால் மிகுதியாகச் சுருங்கும். நீளத்தில் ஓர் அளவும் அகலத்தில் வேறோர் அளவும் சுருங்கும். ஒரு துணி நீளவாட்டில் நூற்றுக்கு 6 பங்கு சுருங்குகிறது எனில், துவைத்தபின் 28 அங்குலம் நிற்க எவ்வளவு வரைய வேண்டும்? 28-இல் 6 பங்கு 1.68, கூட்டினால் 29.68 என்று பலர் விடை தருவர். 29.68 அங்குலத் துணி நூற்றுக்கு 6 பங்கு சுருங்கினால் எஞ்சுவது 27.9 அங்குலமே. 28-ஐ 0.94-ஆல் வகுத்துப் பெறும் 29.79 என்பதே நேரிய விடை. வேறுபாடு ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குதான். ஆயினும் கடல் கடந்து துணி வாங்குவோர் அனுப்பும் அளவுப் பட்டியலில் இவ்வளவே பொறுப்போம் என்றோர் எல்லை உண்டு. சிறு பிழைகள் ஒன்றோடொன்று கூடி அவ்வெல்லையைக் கடந்தால், தைத்து மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிய ஆடைகளும் மறுக்கப்படும்.

வரைபடத்தின் பெரும்பயன் இதில் விளங்கும். ஒருவரையொருவர் காணாத கைகள் ஒரு வேலையைச் செய்ய அதுவே பாலம். கன்னியாகுமரிக் கடற்பாறையில் 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலை, பீடத்துடன் 133 அடி உயரமுடையது. கணபதி ஸ்தபதியார் அமைத்த அச்சிலையின் கற்கள் வெவ்வேறு பணிக்கூடங்களில் செதுக்கப்பெற்றுப் பாறைக்குக் கொண்டுவரப்பட்டன. ஒரு கூடத்தில் செதுக்கிய கல் மற்றொரு கூடத்துக் கல்லின்மேல் பிசகின்றி அமர்ந்தது, அளவு முன்னரே வரையப்பட்டிருந்தமையால் அன்றோ?

வடிவங்கள் முடிந்தபின், அவற்றைத் துணியின் அகலத்திற்குள் நெருக்கி அடுக்குவது அடுத்த வேலை. இதனை மார்க்கர் என்பர். முன்பாகங்களின் கைக்குழிகளுக்கு இடையே எஞ்சும் இடத்தில் ஒரு சிறு துண்டைப் பொருத்துவதும், ஒரு கையைத் தலைகீழாகத் திருப்பி மற்றொரு கையுடன் நெருக்குவதும் சதுரங்கம் ஆடுவதற்கு நிகராகும். விருப்பம்போல் திருப்பிவிடவும் இயலாது. பின்னல் துணி அகலவாட்டில் மிகுதியாக இழுபடும். வடிவத்தைக் குறுக்காகக் கிடத்தி வெட்டினால், அப்பகுதி நாளடைவில் நெடுக்காகத் தொங்கிவிடும். ஓர் ஆடையின் அடக்கவிலையில் பெரும்பங்கு துணியின் விலையே. 1000 கிலோ துணியில் நூற்றுக்கு 80 பங்கு ஆடையாகும் இடத்தில், அடுக்கை மாற்றி 82 பங்கு ஆக்கினால் 20 கிலோ துணி மிஞ்சும். எஞ்சும் துண்டுகளும் வீணாவதில்லை. பொறிகளைத் துடைக்கும் பனியன் வேஸ்டாக விலைபோகும். ஆயினும் துணி விற்கும் விலைக்கும் துண்டு விற்கும் விலைக்கும் நெடுந்தொலைவு.

திரையில் பிழை செய்தால் 'அன்டூ' என்னும் ஒரு கட்டளையால் பின்னோக்கிச் செல்லலாம். அட்டையில் வரைந்தோர்க்கு அழிக்கும் ரப்பர் இருந்தது. கல்லில் மூக்கு உடைந்தால் சிற்பிக்கு வேறு கல்லே கதி. கணினியில் வரைபவருக்கும் அவ்வேளை வரும். நூறு மடி விரித்த துணியின்மேல் ஒரு மார்க்கரை வைத்து வெட்டும்பொழுது, ஒரு கோட்டின் பிழை நூறு பிழையாகும். ஆகவே பழகிய தொழிலகங்களில் திரையில் கண்டதனை அவ்வாறே மேசைக்கு அனுப்புவதில்லை. முதலில் ஒரே ஓர் ஆடைக்குரிய வடிவங்களைத் தாளில் உண்மை அளவில் அச்சிடுகின்றனர். கட்டிங் மாஸ்டர் நாடாவை எடுத்து உயரத்தை அளக்கிறார், மார்பகலத்தை அளக்கிறார், இரு தோள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார். பின்னர் ஒரு மாதிரி ஆடை தைக்கப்பட்டு, துவைக்கப்பட்டு, உலர்ந்தபின் மறுபடியும் அளக்கப்படுகிறது. நாடாவில் 28 என்று கண்ட பிறகே துணி விரிக்கப்படுகிறது.